ஸைத்தூன் துறைமுகம்: ரிஹ்லாவின் சொல்லும் கல்லின் சாட்சியும்

தமிழ் முஸ்லிம்களுக்கு இப்னு பதூதா அந்நியர் அல்லர். அரபிகள் மஅபர் என்று அழைத்த நம் கடற்கரையில் கி.பி. 1344ஐ ஒட்டி வந்திறங்கியவர். மதுரையை ஆண்ட சுல்தான் கியாஸுத்தீன் தாமகானிக்கு மணவழி உறவினராகவும் விருந்தினராகவும் இருந்தவர். அந்நகரைக் கொள்ளைநோய் சூறையாடியதைக் கண்ணால் கண்டு எழுதி வைத்தவர். அவருடைய ரிஹ்லாவின் பகுதிகள் அரபுக் கல்லூரிகளில் உரைநடைப் பாடமாக இடம்பெறுவதுண்டு. நாமும் பல ஆண்டுகளாக மாணவர்களுக்கு அதனைக் கற்பித்து வருகிறோம்.

கற்பிக்குந்தோறும் ஒரு குறை நம் உள்ளத்தை உறுத்துவதுண்டு. இந்நூலை நம்மவர் இரண்டு வகையாகவே வாசிக்கின்றனர். ஒரு சாரார் இப்னு பதூதா சொன்னதெல்லாம் வரலாறு என்று ஏற்று, மேடைகளிலும் மலர்களிலும் அப்படியே எடுத்தாளுகின்றனர். மற்றொரு சாரார் மேலைநாட்டு ஆய்வாளர் சிலரின் ஐயங்களைக் கேள்விப்பட்டதும், குறிப்பாகச் சீனத்தைப் பற்றிய பகுதிகளைக் கட்டுக்கதை என்று ஒதுக்கி விடுகின்றனர். ஓர் அறிவிப்பை எடைபோட நுட்பமான அளவுகோல்களை உலகுக்குத் தந்த சமுதாயம், தன் பயண இலக்கியத்தை மட்டும் அளவுகோலின்றி ஏற்பதும் அளவுகோலின்றி மறுப்பதும் முறையாகுமா?

இக்கேள்வியுடன்தான் அண்மையில் சீனத்தின் ஃபூஜியன் மாநிலத்திலுள்ள சுவான்சௌ நகருக்குச் சென்றோம். வணிகத்தின் பொருட்டு குவாங்சௌவுக்கு அடிக்கடி சென்று வரும் நம்மூர் அன்பர் ஒருவரின் துணையால் இப்பயணம் கைகூடியது. குவாங்சௌவில் அவருடைய அலுவல்கள் முடிந்தபின் விரைவு ரயிலில் சுவான்சௌவை அடைந்தோம். இந்நகரைத்தான் அரபிகளும் பாரசீகரும் ஸைத்தூன் என்று அழைத்தனர். ரிஹ்லாவின் அரபுப் பதிப்பு நம் கைப்பையில் இருந்தது. எந்த நகரைப் பற்றி எழுதப்பட்டதோ அந்த நகரிலேயே அவ்வத்தியாயத்தைத் திறந்து, ஏடு சொல்வதைக் கல் ஏற்கிறதா என்று பார்ப்பதே நம் நோக்கமாக இருந்தது.

ஒலிவம் இல்லாத ஒலிவ நகரம்

முதற்சோதனை பெயரிலேயே தொடங்குகிறது. ஸைத்தூன் என்ற அரபுச் சொல்லுக்கு ஒலிவம் என்பது பொருள். ஆயினும் இந்நகரில் ஒலிவ மரம் இல்லை என்றும், சீனத்திலோ இந்தியாவிலோ எங்குமே அம்மரம் இல்லை என்றும், இது வெறும் பெயர்தான் என்றும் இப்னு பதூதா எச்சரிக்கையாகக் குறிப்பிடுகிறார். மிகைப்படுத்தும் பழக்கமுள்ள ஒருவருக்கு இது நல்லதொரு வாய்ப்பு. ஒலிவத் தோப்புகளை வர்ணித்திருந்தால் ஃபாஸ் நகரத்து அரசவையில் யார் மறுத்திருப்பார்? அவர் அவ்வாறு செய்யவில்லை.

உண்மையான காரணம் சீன மொழியில் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் நகர மதிலைச் சூழ ஒருவகைச் செம்பூ மரங்கள் நடப்பட்டன. சீனத்தில் அம்மரத்தின் பெயர் ட்ஸூதோங். அதுவே நகருக்கு வழங்குபெயராயிற்று. அரபு வணிகரின் நாவில் அவ்வொலி தமக்குப் பழகிய ஸைத்தூனாகத் திரிந்தது. அந்த மரத்தை நாம் நன்கு அறிவோம். நம் கொல்லைகளிலும் வெற்றிலைக் கொடிக்கால்களிலும் நிற்கும் கல்யாண முருங்கைதான் அது. இங்கிருந்து ஏற்றுமதியான பட்டுத்துணி அரபு நாடுகளில் ஸைத்தூனிய்யா எனப்பட்டது. சாட்டின் என்ற துணிப்பெயரும் இதிலிருந்து பிறந்தது என்பது மொழியியலார் பலரின் கருத்து.

இத்துறைமுகம் உலகின் பெருந்துறைகளுள் ஒன்று, ஏன், அவற்றுள் தலைசிறந்ததே இதுதான் என்கிறார் இப்னு பதூதா. ஏறத்தாழ நூறு பெருங்கலங்களையும் எண்ணிறந்த சிறு படகுகளையும் தாம் கண்டதாகச் சொல்கிறார். பழைய துறைமுகப் பகுதியான ஹௌசூவில் 1974இல் சேற்றிலிருந்து தோண்டியெடுக்கப்பட்ட சோங் காலக் கப்பலை இன்று நாம் காண முடிகிறது. எஞ்சிய பகுதி மட்டும் 24 மீட்டர் நீளம். உட்புறம் 13 அறைகளாகத் தடுக்கப்பட்டுள்ளது. ஓர் அறையில் நீர் புகுந்தாலும் கலம் மூழ்காது. நறுமண மரக்கட்டைகளும் மிளகும் அதிலிருந்து கிடைத்தன. சீனக் கலங்களின் பலகைக் கட்டுமானத்தைப் பற்றி இப்னு பதூதா கோழிக்கோட்டில் எழுதியவை வீண் கற்பனையல்ல என்பதை இம்மரக்கூடு நிலைநாட்டுகிறது. ஆனால் ஒரு கலத்தில் ஆயிரம் பேர் இருப்பர் என்ற அவரது கணக்கை இக்கப்பல் மெய்ப்பிக்கவில்லை. பொருளின் தன்மையைச் சொல்லும்போது அவர் நம்பத்தக்கவர். எண்ணிக்கையைச் சொல்லும்போது நாம் நிதானிக்க வேண்டும்.

அறிவிப்பாளரின் தரம்

இங்கே ஹதீஸ் கலையின் முறையை நாடுவது பொருந்தும். அறிவிப்பை ஆராயுமுன் அறிவிப்பாளரை ஆராய வேண்டும். இப்னு பதூதா தம் கையால் எழுதியவர் அல்லர். 1325இல் தஞ்சாவை விட்டுப் புறப்பட்டவர், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப்பின் மரீனிய சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி தம் நினைவுகளைச் சொல்ல, இப்னு ஜுஸய் அவற்றை எழுதித் தொகுத்தார். 1355இல் அப்பணி முடிவுற்றது. புகாராவில் தாம் படியெடுத்த அறிஞர்களின் கப்ரு வாசகங்கள் கடற்கொள்ளையில் பறிபோயின என்று அவரே வருந்துகிறார். ஆக, நம் கையிலிருப்பது குறிப்பேடு அன்று. குறிப்பேட்டை இழந்த ஒருவரின் நினைவு. அதன்மீது மற்றொருவரின் இலக்கியக் கைவண்ணமும் படிந்திருக்கிறது.

அவருடைய காலத்திலேயே ஐயம் எழுந்துவிட்டது. அவர் கூறிய வியப்புகளைக் கேட்டவர்கள் அவரைப் பொய்யர் என்று முணுமுணுத்ததை இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் பதிவு செய்கிறார். தாமும் மறுக்கத் தலைப்பட்டபோது, அமைச்சர் ஃபாரிஸ் பின் வத்ரார் ஒரு கதையால் தம்மைத் தடுத்ததாகவும் சொல்கிறார். தந்தையுடன் சிறையிலேயே வளர்ந்த சிறுவன் ஒருவன், தான் உண்ணும் இறைச்சி எந்த விலங்கினுடையது என்று கேட்கிறான். ஆட்டைப் பற்றித் தந்தை எவ்வளவு விளக்கினாலும், சிறையில் தான் கண்ட எலியின் உருவிலேயே அதனை அவன் கற்பனை செய்து கொள்கிறான். காணாததைக் காணாத காரணத்தால் மறுப்பது அறிவன்று என்பது அதன் கருத்து. ஆனால் இப்னு கல்தூன் அத்துடன் நிற்கவில்லை. ஒவ்வொரு செய்தியும் அதனதன் இயல்புக்குள் நிகழக்கூடியதா என்று எடைபோடுமாறும் வலியுறுத்துகிறார். முதற்பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது நம் மேடைகளின் வழக்கம்.

சீனப் பகுதியில் அவ்வாறு எடைபோடத் தேவையான இடங்கள் பல. தலைநகரான கான்பாலிக்கின் அருகில் தோன்றும் ஒரே ஆறு சீனத்தின் நடுவே ஓடி ஸீனுஸ் ஸீன் எனப்படும் குவாங்சௌவை அடைகிறது என்கிறார். அப்படியோர் ஆறு இல்லை. பேரரசர் உள்நாட்டுப் போரில் கொல்லப்பட்டதாகவும், அவரது அடக்கச் சடங்கைத் தாம் கண்டதாகவும் சொல்கிறார். அன்று ஆண்ட தோகோன் தெமூர் 1368 வரை அரியணையில் இருந்து, 1370இல்தான் இறந்தார். தான் பிறர்வழிக் கேட்டதை நேரில் பெற்றதுபோன்ற சொற்களால் அறிவிப்பதை முஹத்திஸ்கள் தத்லீஸ் என்பர். இங்கே அவர் கண்டேன் என்று வெளிப்படையாகச் சொல்வதால், தத்லீஸ் என்ற மென்மையான சொல்லும் போதாது. தலைநகர்வரை அவர் சென்றதையே ஆய்வாளர் பலர் ஐயுறுவதற்கு இவை நியாயமான காரணங்கள்.

எனினும் மறுபக்கமும் உண்டு. குவாங்சௌவில் இருந்தபோது யஃஜூஜ் மஃஜூஜ் தடுப்புச்சுவரைப் பற்றி விசாரித்தாராம். அதனைக் கண்டவரையோ, கண்டவரைக் கண்டவரையோ தாம் சந்திக்கவில்லை என்று எழுதுகிறார். குர்ஆனில் இடம்பெற்ற ஒன்றைக் கண்டதாகச் சொல்லிப் பெருமை தேடியிருக்கலாம், தேடவில்லை. மதுரையில் தம் உறவினரான சுல்தான் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையை மறைக்காமல் கண்டித்ததும் இதே நாவுதான். உறவுக்காக உண்மையை மறைக்காதவரை முற்றாகப் பொய்யர் என்பது நீதியன்று. எங்கே அவர் ஆட்களைப் பெயர் சொல்லிச் சந்தித்தாரோ, அங்கே அவரது அறிவிப்பு வலுவானது. எங்கே நாட்டைப் பொதுவாக வர்ணிக்கிறாரோ, அங்கே வலு குறைகிறது. இதுவே நம் அளவுகோல்.

பெயர்கள் பேசுகின்றன

ஸைத்தூனில் தாம் சந்தித்தவர்களாக இப்னு பதூதா குறிப்பிடும் பெயர்கள் நான்கு: காழி தாஜுத்தீன் அர்தபீலி, ஷைகுல் இஸ்லாம் கமாலுத்தீன் அப்துல்லாஹ் இஸ்ஃபஹானி, வணிகர் ஷரஃபுத்தீன் தப்ரீஸி, நகருக்கு வெளியே ஸாவியா நடத்திய ஷைகு புர்ஹானுத்தீன் காஸரூனி. நால்வரும் பாரசீகப் பகுதி ஊர்களின் பெயரைத் தாங்கியவர்கள். தப்ரீஸியைப் பற்றிச் சொல்லும்போது, தாம் இந்தியா வந்த புதிதில் கடன் வாங்கியது அவரிடம்தான் என்றும், கடன் கொடுத்தவர்களுள் நடத்தையில் சிறந்தவர் அவரே என்றும் நினைவுகூர்கிறார். கற்பனையாளர் இத்தகைய விவரத்தைப் புனைவதில்லை.

காஸரூனியின் பெயருக்குத்தான் கல்லின் சாட்சி கிடைக்கிறது. 1350ஐ ஒட்டி இந்நகரப் பள்ளிவாசல் ஒன்றைப் பற்றிச் சீன மொழியில் வரையப்பட்ட கல்வெட்டு, புர்ஹானுத்தீன் என்ற ஷைகை, நூறாண்டைக் கடந்த கல்விமானாகக் குறிப்பிடுகிறது. மூலக்கல் மறைந்து, பின்னர் மறுபடி வெட்டப்பட்டது என்றாலும் செய்தி நிலைத்திருக்கிறது. அரபியில் மேற்கே எழுதப்பட்ட ஏடும், சீனத்தில் கிழக்கே வெட்டப்பட்ட கல்லும் ஒன்றையொன்று அறியாதவை. இரண்டும் ஒரே மனிதரைச் சுட்டுகின்றன. இரு தனித்தனி வழிகளில் வந்து ஒன்றையொன்று வலுப்படுத்தும் அறிவிப்புக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

அந்த ஸாவியாவின் பணியும் கவனிக்கத்தக்கது. ஹிஜ்ரி 426இல் மறைந்த ஷைகு அபூ இஸ்ஹாக் காஸரூனியின் பெயரால் கடலோடிகள் புயலில் நேர்ச்சை செய்வர். கரை சேர்ந்ததும் அத்தொகையை ஸாவியாவில் செலுத்துவர். கோழிக்கோட்டிலும் கொல்லத்திலும் இதே மரபின் ஸாவியாக்கள் இருந்ததையும் ரிஹ்லா சொல்கிறது. பாரசீகக் குடாவிலிருந்து மலபார் வழியாகச் சீனம்வரை ஒரே நம்பிக்கையின் கணக்கு வழக்கு ஓடியிருக்கிறது.

நம் மஅபரும் அச்சங்கிலியின் ஒரு கண்ணிதான். இங்கிருந்து சென்று யுவான் அரசவையில் சேர்ந்த ஸையிது பின் அபூ அலீ என்ற முஸ்லிம் பெருமகன் 1299இல் தலைநகரில் இறந்தபின், அவரது உடல் சுவான்சௌவில்தான் அடக்கம் செய்யப்பட்டது.

தோழர்களின் பள்ளியும் தோழர்களின் கப்ருகளும்

நகரின் தூமன் வீதியில் கருங்கல் வாயிலுடன் நிற்கிறது பழைய பள்ளிவாசல். தொழுகைக் கூடத்தின் கூரை நூற்றாண்டுகளுக்கு முன்பே இடிந்துவிட்டது. சுவர்களும் தூண்களின் அடிப்பகுதிகளும் வானத்துக்குக் கீழே நிற்கின்றன. சுவர்களிலுள்ள குர்ஆன் வசனங்களைத் தடவிப் படித்தோம். பக்கத்திலேயே குவான் யூ கோயில். அங்கிருந்து ஊதுவத்திப் புகை வந்துகொண்டே இருந்தது.

இங்குள்ள அரபுக் கல்வெட்டு, பள்ளி ஹிஜ்ரி 400இல் (1009–10) கட்டப்பட்டதாகவும், ஹிஜ்ரி 710இல் (1310–11) ஷீராஸைச் சேர்ந்த அஹ்மத் பின் முஹம்மத் குத்ஸி என்பவரால் புதுப்பிக்கப்பட்டதாகவும் கூறுகிறது. பள்ளியின் பெயர் மஸ்ஜிதுல் அஸ்ஹாப். ஆனால் இன்று அது சீனத்தில் சிங்ஜிங் பள்ளி என்றே வழங்குகிறது. அப்பெயர் உண்மையில் 1131இல் ஸீராஃப் வணிகர் ஒருவர் கட்டிய, இன்று இல்லாத வேறொரு பள்ளிக்கு உரியது என்று கல்வெட்டாய்வாளர் காட்டியுள்ளனர். நாம் முன்னர் சொன்ன 1350ஆம் ஆண்டுக் கல் அப்பள்ளியைப் பற்றியதே. மறைந்த பள்ளியின் பெயர் நிலைத்த பள்ளியின்மீது ஒட்டிக்கொண்டது. இப்னு பதூதாவோ இந்நகரில் எந்தப் பள்ளியையும் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை.

அஸ்ஹாப் என்றதும் நம்மவர் உள்ளம் நபித்தோழர்களிடம் தாவுகிறது. அச்சொல் தோழர்கள் என்று மட்டுமே பொருள்படும். யாருடைய தோழர்கள் என்பதைக் கல் சொல்லவில்லை. நகருக்குக் கிழக்கே லிங்ஷான் குன்றிலுள்ள இரண்டு கப்ருகளிடம் இந்தத் தாவல் முழுமை பெறுகிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் அனுப்பிய நான்கு சீடர்களுள் இருவர் இங்கே அடங்கியுள்ளனர் என்பது வழக்கு. நாம் ஸியாரத் செய்து, அங்குள்ள கற்களின் அருகே நெடுநேரம் இருந்தோம்.

வழக்கைச் சோதிப்போம். நான்கு சீடர் கதை பதினேழாம் நூற்றாண்டுச் சீன நூலான மின்ஷூவில் காணப்படுகிறது. அவர்கள் வூதே ஆண்டுகளில், அதாவது 618க்கும் 626க்கும் இடையில் வந்ததாக அது சொல்கிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் அண்டை மன்னர்களுக்குத் தூதர்களை அனுப்பியதோ ஹுதைபிய்யா உடன்படிக்கைக்குப் பின்னர், 628ஐ ஒட்டித்தான். மக்காவிலும் மதீனாவின் தொடக்க ஆண்டுகளிலும் துன்புற்றிருந்த சிறு சமுதாயம் சீனத்துக்குத் தூது அனுப்பியதாக நம் ஸீரா நூல்கள் எதுவும் கூறவில்லை. சீன அரசேடுகள் பதிவு செய்த முதல் அரபுத் தூது 651இல், உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சியில் வந்தது. இதற்கும் மேலான சான்று கப்ருக்கு அருகிலேயே நிற்கிறது. ஹிஜ்ரி 722இல் (1322–23) முஸ்லிம்கள் இவ்விடத்தைப் பழுதுபார்த்து நாட்டிய அரபுக் கல், இருவரும் பண்டைய சீன மன்னர் காலத்தில் வந்த நற்குணத்தார் என்று போற்றுகிறதே தவிர, நபித்தோழர் என்று அழைக்கவில்லை. கதையைவிடக் கல் மூன்று நூற்றாண்டு மூத்தது. மூத்த சாட்சி அறியாத சிறப்பை இளைய சாட்சி சேர்த்திருக்கிறது.

குவாங்சௌவில் ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களுடையதாகக் காட்டப்படும் கப்ருக்கும் இதே நிலைதான். அப்பெருந்தகை மதீனாவுக்கு அருகில் அகீக்கில் மறைந்து ஜன்னத்துல் பகீஃயில் அடக்கம் பெற்றார் என்பதில் வரலாற்றாசிரியரிடையே குழப்பமில்லை.

இதை எழுதும்போது நம் கரமும் சற்றுத் தயங்குகிறது. கோவளத்திலும் பரங்கிப்பேட்டையிலும் நபித்தோழர் பெயர்களால் போற்றப்படும் கப்ருகள் நமக்கும் உண்டு. அவற்றின் ஸனதைக் கேட்பது பலருக்கு வருத்தம் தரும் என்பதை நாம் அறிவோம். கடல் கடந்து வந்து, நேர்மையாக வாழ்ந்து, பிறந்த மண்ணைக் காணாமலே மடிந்த ஒரு முஸ்லிம் நம் ஸலாமுக்கும் துஆவுக்கும் உரியவர். அதற்கு அவர் ஸஹாபியாக இருந்தாக வேண்டிய தேவையில்லை. ஆனால் ஸஹாபி அல்லாதவரை ஸஹாபி என்று சொல்வது, அவருடைய சொந்த வாழ்க்கையை அவரிடமிருந்து பறிப்பதாகும். லிங்ஷான் குன்றில் உறங்கும் இருவரின் உண்மைப் பெயர்கள் இன்று எவருக்கும் தெரியாமல் போனதில் அக்கதைக்கும் பங்கு இல்லையா?

காணாமல் விட்டவை

இதுவரை சொன்னவை ரிஹ்லாவின் சொற்களைப் பற்றியவை. அதன் மௌனமே நம்மை அதிகம் வருத்துகிறது.

சீனம் எத்துணை அழகுடையதாயினும் தம் உள்ளத்தைக் கவரவில்லை என்கிறார் இப்னு பதூதா. வெளியே சென்றால் மார்க்கத்துக்கு ஒவ்வாதவை கண்ணில் பட்டதால், தேவைக்கன்றி வெளியே செல்லாமல் வீட்டிலேயே இருந்ததாகவும், முஸ்லிம்களைக் கண்டால் சொந்த உறவினரைக் கண்டதுபோல் மகிழ்ந்ததாகவும் ஒப்புக்கொள்கிறார். அவருடைய ஈமானின் உணர்வை நாம் குறைகூறவில்லை. ஆனால் பயண நூலாசிரியர் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டால் வாசகருக்கு இழப்பு நேர்கிறது. ஸைத்தூனில் அவர் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தும் சீனர் ஒருவர்கூட இல்லை.

சீனரை மட்டுமா காணவில்லை? 1281இல் இந்நகரில் தமிழ் வணிகர் சிவன் கோயில் ஒன்றில் இறைவனை எழுந்தருளச் செய்து தமிழில் கல்வெட்டு வெட்டியிருந்தனர். கானின் ஃபர்மான்படி அது நிறைவேறியதாக அக்கல் கூறுகிறது. தமிழெழுத்தில் ஒரு பாரசீகச் சொல், சீன மண்ணில்! ஒரே துறையில், ஒரே காற்றை எதிர்பார்த்து, ஒரே அலுவலகத்தில் சுங்கம் செலுத்திய இவ்விரு சாராரும் ஒருவர் சொல்லை மற்றவர் அறிந்திருந்தனர். மஅபரில் பல மாதங்கள் வாழ்ந்துவிட்டு வந்த இப்னு பதூதா, ஸைத்தூனின் தமிழரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இம்மௌனத்தின் விலை பின்னர் தெரிந்தது. மங்கோலிய ஆட்சியில் வெளிநாட்டு முஸ்லிம்கள் உள்ளூர்ச் சீனரைவிட மேலான தகுதி பெற்றிருந்தனர். வரி வசூலும் துறைமுக நிர்வாகமும் பெருமளவு அவர்கள் கையில் இருந்தன. உள்ளே கசப்பு பெருகியது. இப்னு பதூதா வந்து சென்றது 1346ஐ ஒட்டி. நூலைச் சொல்லி முடித்தது 1355இல். அதற்கு இரண்டே ஆண்டுகளில், 1357இல், பாரசீகக் காவற்படையினர் நகரைக் கைப்பற்றினர். இஸ்பாஹ் கிளர்ச்சி எனப்படும் அக்கலகம் 1366 வரை நீண்டது. அவர்கள் தமக்குள்ளும் அடித்துக்கொண்டனர். உள்ளூர் மக்களும் அவர்கள் கையில் துன்புற்றனர். இறுதியில் அரசப் படை நகரில் புகுந்தபோது அந்நியர்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டதையும் கப்ருகள் தோண்டப்பட்டதையும் உள்ளூர்க் குலவரலாற்று ஏடுகள் பதிவு செய்துள்ளன. ரிஹ்லா வரைந்த மகிழ்ச்சியான ஸைத்தூன், அணையும் விளக்கின் இறுதி ஒளியாக இருந்தது. உள்ளே இருந்தவர் எவரும் அதை அறியவில்லை.

2021இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பழைய பள்ளிவாசலும் லிங்ஷான் கப்ருகளும் அதில் அடங்கும். அதன் பின்னர், பல சமயத்தார் இணங்கி வாழ்ந்த துறைமுகம் என்ற புகழுரை எங்கும் கேட்கிறது. அது பொய்யன்று, பாதி உண்மை. மறுபாதியைக் கடல்சார் அருங்காட்சியகத்தின் கற்கள் சொல்கின்றன.

கற்களின் நடுவே

அரபியும் பாரசீகமும் பொறித்த கப்ருக் கற்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. சிலவற்றில் சீன எழுத்தும் உண்டு. இவற்றுட் பல, கிளர்ச்சிக்குப்பின் பெயர்த்தெடுக்கப்பட்டு நகர மதிலுக்கும் கட்டடங்களுக்கும் இடுகற்களாக ஆனவை. இருபதாம் நூற்றாண்டில் மதிலை இடித்தபோது அவை மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தவர் ஊ வென்லியாங் என்ற பள்ளி ஆசிரியர். அவர் முஸ்லிம் அல்லர். அக்கற்களின் மொழியும் அவருடைய மொழியன்று. ஆயினும் முஸ்லிம், கிறிஸ்தவ, மானிக்கேய, இந்துக் கற்களை வேறுபாடின்றிக் காத்து, 1957இல் ஒரு நூலாகவும் வெளியிட்டார். நாம் முன்னர்க் கண்ட தமிழ்க் கல்வெட்டு உலகுக்குத் தெரியவந்ததும் அவரது முயற்சியால்தான். நம் முன்னோரின் பெயர்களை மதிலில் புதைத்ததும் அந்நகரத்தாரே; மதிலிலிருந்து மீட்டதும் அந்நகரத்தார் ஒருவரே.

கற்களைப் படித்துக்கொண்டே சென்றபோது ஒரு வாசகம் திரும்பத் திரும்ப வந்தது. அந்நிய மண்ணில் இறப்பவர் ஷஹீதாக இறக்கிறார் என்ற கருத்துடைய ஹதீஸ் அது. இக்கருத்தில் வரும் அறிவிப்பு இப்னு மாஜாவில் இருப்பதும், அதன் ஸனது பலவீனமானது என்று முஹத்திஸ்கள் தீர்ப்பளித்திருப்பதும் நாம் மாணவருக்கு வழக்கமாகச் சொல்லும் பாடம். அக்கற்களின் முன் நின்றபோதும் அத்தீர்ப்பு மாறவில்லை. ஆனால் ஒன்று விளங்கியது. பெருமானாரின் சொல் என்பதற்கு அந்த வாசகம் பலவீனமான சான்று. அதனை வெட்டச் சொன்னவர்களின் நெஞ்சுக்கோ அது மிக வலுவான சான்று. மூன்று தலைமுறை வாழ்ந்தும், செல்வம் சேர்த்தும், பள்ளி கட்டியும், தாம் அந்நியர் என்ற எண்ணத்துடனேயே அவர்கள் மண்ணுக்குள் சென்றிருக்கின்றனர்.

மறுநாள் அருகிலுள்ள செந்தாய் ஊருக்குச் சென்றோம். அங்கு வாழும் திங் குலத்தார் முஸ்லிம் முன்னோரின் வழிவந்தவர்கள். 1979இல் அரசு அவர்களை ஹுய் இனத்தாராக ஏற்றது. அவர்களுடைய முன்னோர் மண்டபம் ஹுய் என்ற சீன எழுத்தின் வடிவில் கட்டப்பட்டுள்ளது. பெரும்பாலோரிடம் தொழுகை இல்லை. எனினும் முன்னோருக்குப் படைக்கும் படையலில் பன்றி இறைச்சி இடம்பெறுவதில்லை. காரணம் மறந்த பின்னும் விலக்கு மட்டும் ஆறு நூற்றாண்டுகளாகக் காக்கப்பட்டிருக்கிறது. அம்மண்டபத்தில் நமக்குத் தேநீர் தந்து உபசரித்தனர். பேசும் மொழி இருதரப்புக்கும் இல்லை. ஸலாம் சொன்னோம், முதியவர் ஒருவர் புன்னகைத்துத் தலையசைத்தார்.

அன்றிரவு ரிஹ்லாவின் அவ்வத்தியாயத்தை மீண்டும் வாசித்தபோது ஸூரத்துல் ஹுஜுராத் நினைவுக்கு வந்தது. வரும் செய்தியைத் தீர விசாரித்து அறியுமாறு கட்டளையிடும் வசனம் அதில்தான் உள்ளது. மாந்தர் இனங்களாகவும் குலங்களாகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்ற வசனமும் அதே அத்தியாயத்தில் உள்ளது. முதல் வசனம் நம்மிடம் கோருவது: இப்னு பதூதாவின் சொல்லையும், கப்ருகளைச் சுற்றி வளர்ந்த கதைகளையும், பட்டியல்களின் புகழுரையையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டும். இரண்டாம் வசனமோ இப்னு பதூதாவிடமே கேட்கத்தக்க கேள்வியை எழுப்புகிறது: அந்த வீட்டுக்கதவை ஏன் சாத்தினீர்?

அவரைப் பொய்யர் என்று நாம் சொல்லமாட்டோம். தம் மக்களைக் கண்டார். கண்டவரை உண்மையாகச் சொன்னார். அவர்களைச் சூழ்ந்திருந்த மக்களைக் காணவில்லை; அம்மக்களிடையே என்ன மூண்டுகொண்டிருந்தது என்பதையும் அறியவில்லை. இனி இவ்வத்தியாயத்தைக் கற்பிக்கும்போது, அதில் இருப்பவற்றோடு இல்லாதவற்றையும் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம். தாய்மொழியாகத் தமிழைப் பெற்று, அந்நியர் என்ற சொல் பொருந்தாத மண்ணில் வாழும் நமக்கு, அண்டை வீட்டாரின் பெயர் தெரிகிறதா என்று நம்மையே கேட்டுக்கொள்ளவும் அப்பாடம் உதவும். அல்லாஹ் அக்கற்களுக்குரியவர்களின் மீது அருள் புரிவானாக.